இன்னும் ஒரே ஒரு ஆட்டம்



ஞாயிறு காலையில் சமய வகுப்பு எடுப்பவன் நான். சனி இரவில் அதே பையன்களோடு மொபைல் லெஜெண்ட்ஸ் ஆடுபவனும் நான்தான். ஓர் இரவு தொடர்ந்து நான்கு ஆட்டம் தோற்றோம். ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு ஸ்டார் போனது. ஐந்தாவது ஆட்டத்தில் ஒரு தம்பி நேரம் தெரியாமல் முன்னே ஓடிச் செத்துப்போனான். மைக்கில் நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவனுக்கு வயது 13. மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. அவன் அண்ணன்தான் கேட்டான்: "அண்ணே, கிளாஸ்ல பொறுமைன்னு சொல்றீங்க. கேம்ல அது எங்க போச்சு?"

என்னிடம் பதில் இல்லை.

யோசித்துப் பார்த்தால், கோபத்துக்கு முன்பே பயம் வந்திருந்தது. உள்ளங்கை வியர்த்தது, நெஞ்சு படபடத்தது. குருட்சேத்திரத்தில் அர்ச்சுனனுக்கும் இதேதான். வாய் உலர்ந்தது, உடல் நடுங்கியது, காண்டீபம் கையிலிருந்து நழுவியது. அவனுக்கே வந்தது என்றால் நமக்குப் பதற்றம் வருவதில் வெட்கம் இல்லை. வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அர்ச்சுனன் வில்லை வைத்துவிட்டுத் தேரில் உட்கார்ந்தான். தனக்கு வழி தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு கண்ணனிடம் கேட்டான்.

அதே பாரதத்தில் தருமர் நிறுத்தவில்லை. தோற்கத் தோற்கப் பந்தயம் வைத்தார்: நாடு, தம்பிகள், தான், கடைசியில் பாஞ்சாலி. அவளால் எல்லாம் திரும்பக் கிடைத்தது. ஆனாலும் மறுபடி அழைத்ததும் போய் உட்கார்ந்தார். 12 ஆண்டு வனவாசம், ஓராண்டு அஞ்ஞாதவாசம். தருமம் தெரிந்தவருக்கே அந்தக் கதி! "இன்னும் ஒரே ஒரு ஆட்டம், விட்டதைப் பிடிச்சிடலாம்" என்று இரவு ஒரு மணிக்கு நாம் சொல்வது அவர் குரல்தான்.

"பலனை எதிர்பார்க்காதேன்னா எதுக்குண்ணே விளையாடணும்?" என்று பையன்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கண்ணன் வில்லைப் போட்டுவிடச் சொல்லவில்லை, எடுக்கத்தான் சொன்னார். 2024-இல் ரியாத்தில் நம் செலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் எம்.எஸ்.சி. கிண்ணத்தை 4-3 என்று வென்றார்கள். மூன்று ஆட்டம் தோற்றவர்கள்தான் கடைசி ஆட்டத்தில் உட்கார்ந்தார்கள். வெற்றியை விரும்புவதில் தப்பு இல்லை. போன ஸ்டாரை வைத்து என்னையும் பக்கத்தில் இருப்பவனையும் எடை போட்டேனே, அதுதான் தப்பு. என் கவனமும் என் வாயும் என் கையில் இருக்கின்றன. எதிரணியின் திறமையும் தம்பியின் இண்டர்நெட்டும் என் கையில் இல்லை.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் 513 படி ஏறுகிறோம். முன்னால் போகும் பாட்டி மூச்சு வாங்க நின்றால் நாமும் நிற்கிறோம். "பார்த்து ஏறுங்க பாட்டி" என்று கை கொடுக்கிறோம். யாரும் திட்டுவதில்லை. அங்கே முகம் தெரிகிறது. திரையில் முகம் தெரிவதில்லை, ஒரு பெயரும் ஓர் எண்ணும்தான் தெரிகின்றன. முகம் தெரியாத இடத்திலும் அந்தக் கை நீண்டால்தான் நாம் படி ஏறியதற்கு அர்த்தம்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. தொடர்ந்து இரண்டு தோல்வி என்றால் கைப்பேசியைக் கீழே வைக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அன்று அதோடு சரி. தூக்கமும் படிப்பும் உறவும் கெட்டும் நிறுத்த முடியாதவர்கள் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனமே, 2022-இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது.

அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். என்னைப் பார்க்காமலே "பரவால்லண்ணே" என்றான். இரண்டு வாரம் கழித்துத்தான் வகுப்புக்கு வந்தான். இப்போது இரண்டாவது தோல்வி வந்ததும் மைக்கில் முதலில் கேட்பது அவன் குரல்தான்: "அண்ணே, போதும்லா. வில்லைக் கீழ வைங்க."

வைத்துவிடுகிறேன். நீங்களும் வைத்துப் பாருங்கள்.