கையில் இல்லாததை விட்டுக்கொடுப்பது

2022 மே மாதக் கடைசியில், சென்னைப் புறநகரில் ஆறு ஆண்டுகள் குடியிருந்த வீட்டைக் காலி செய்தேன். சாமான் ஏற்றிய வண்டி தெருமுனையைத் தாண்டியதும், சாவியைக் கொடுக்க மாடிக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா சாவியை வாங்கி வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு கணக்கை நீட்டினார். பெயின்டிங் 14,000. சமையலறைச் சுவர் 5,000. வாஷ்பேசின் 2,800. ஆணி ஓட்டை, கதவு 4,200. மொத்தம் 26,000. நான் கொடுத்திருந்த அட்வான்ஸ் 1,10,000. மீதி 84,000 ரூபாயைத் தம்பி அனுப்புவான் என்றார். அவர் தம்பி என்று சொன்னது பெங்களூரில் இருக்கும் மகனை.

"நீங்க படிச்சவங்க டீச்சர். இதுக்கெல்லாம் கணக்குப் பார்க்க மாட்டீங்க."

"பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

எது பரவாயில்லை என்று அன்று இரவு புது வீட்டில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்தபோதுதான் யோசித்தேன். அந்த வார்த்தையை நான் யோசித்துச் சொல்லவில்லை. யாராவது காலை மிதித்தால்கூட நம் வாயிலிருந்து தானாக வருகிற வார்த்தை அது. 26,000 ரூபாய்க்கும் அதே வார்த்தைதான் வந்திருந்தது.

அந்த 1,10,000 எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 2016இல், மணவிலக்குக்குப் பிறகு, ஆறு வயது மகளுடன் வீடு தேடினேன். "சார் எங்க வேலை பார்க்கிறார்?" என்பதுதான் எல்லா வாசலிலும் முதல் கேள்வி. மாத வாடகை 11,000 என்று ஒரு வீடு அமைந்தது. பத்து மாத அட்வான்ஸ். சென்னையில் அது புதிதல்ல என்பதால் நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியை வங்கியில் அடகு வைத்துக் கொடுத்தேன். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஆறு மாத அட்வான்ஸ்தான் கொடுத்தார்கள் என்பது ஓராண்டு கழித்துத் தெரிந்தது. அவர்கள் வீட்டில் ஒரு 'சார்' இருந்தார். தரகரிடம் கேட்டேன். "தனியா இருக்கிற லேடின்னா ஓனர் யோசிக்கிறாங்க மேடம்" என்றார். யோசனையின் விலை நான்கு மாத வாடகை, 44,000 ரூபாய்.

இந்தப் பணத்தை முன்பணம் என்கிறோம். முன்பணம் என்றால் பின்னால் கொடுக்க வேண்டியதை முன்னால் கொடுப்பது. வீட்டு அட்வான்ஸ் அப்படி எதிலும் கழிவதில்லை. அது ஈட்டுப் பணம். நாம் ஒழுங்காக நடந்துகொள்வோம் என்பதற்கு ஈடு. சங்கிலியும் ஈடுதான், பணமும் ஈடுதான். ஆனால் வங்கியில் சங்கிலியை வாங்கும்போது என் கண்முன்னால் எடை போட்டார்கள், எழுதினார்கள், ரசீது கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து மீட்டபோது அதே எடையில் திரும்ப வந்தது. வீட்டை யாரும் எடை போடவில்லை. நான் குடிவந்த நாளில் சுவர் எப்படி இருந்தது, கதவில் எத்தனை கீறல் என்று ஒரு வரி எழுதி வைக்கவில்லை. எழுதாத இடத்தில், ஈட்டை வைத்திருப்பவர் சொல்வதே எடை.

பணத்தை வைத்திருந்த ஆறு ஆண்டுக்கு வட்டியும் இல்லை. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று தனிவட்டி போட்டால்கூட 39,600 ரூபாய். அதை நான் கேட்கவில்லை, யாரும் கேட்பதில்லை. ஆனால் என்னுடைய பணம் ஆறு ஆண்டு இன்னொருவருக்கு உழைத்த கணக்கு அந்தக் காலண்டர் தாளில் இல்லை. என் மகள் அடித்த ஆணியின் கணக்கு இருந்தது.

தாளை மறுபடி பார்த்தேன். வாஷ்பேசின் விரிசல் எங்களால் ஆனது. மகள் கையிலிருந்து பித்தளைச் சொம்பு விழுந்தது. அது சேதம், அதற்கு நான் கொடுக்க வேண்டும். பெயின்டிங் அப்படியல்ல. ஆறு ஆண்டில் எந்தச் சுவரும் மங்கும், ஆள் இல்லாத வீட்டின் சுவரும் மங்கும். அது தேய்மானம். வீடு வீடாக இருந்ததற்கான அடையாளம். அதற்குத்தான் மாதாமாதம் வாடகை கொடுத்தோம். வாடகையாக ஒருமுறையும் பிடித்தமாக இன்னொரு முறையும் ஒரே தேய்மானத்துக்குக் கொடுப்பது நகைக்கடைச் சேதாரத்தை நினைவூட்டுகிறது. வாங்கும்போதும் நாம் கொடுக்கிறோம், விற்கும்போதும் நம்மிடமே கழிக்கிறார்கள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது சமையலறைச் சுவர். அடுப்புக்குப் பின்னால் எண்ணெய்ப் படலம் மஞ்சளாகப் படிந்திருந்தது உண்மை. ஆறு ஆண்டுத் தாளிப்பு. கல்லூரிக்குப் போகுமுன் காலை ஐந்தரைக்கும், திரும்பி வந்து இரவு ஏழுக்கும் நான் நின்ற இடம் அது. அந்த வேலைக்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, எதிலும் அது வரவாகப் பதிவானதில்லை. முதன்முறையாக அது ஒரு கணக்கில் ஏறியது, கழித்தல் குறியோடு. பெண்ணின் வீட்டுவேலை கண்ணுக்குத் தெரியாது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஓர் இடத்தில் தெரிகிறது: கறையாக.

சரி, கேட்டுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். யாரிடம் கேட்பது?

அந்த அம்மா என்னிடம் அன்பாக இருந்தவர். மகளுக்குக் காய்ச்சல் வந்த நாளில் ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். கணவரை இழந்தவர். எங்கள் ஆறு ஆண்டில் ஒரு மழைநாள் மாலை, மின்சாரம் இல்லாத நேரத்தில், அவர் சொன்ன ஒன்றை நான் மறக்கவில்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. சடங்கு முடிந்த சில வாரங்களில் மகன் ஒரு பத்திரம் கொண்டுவந்தார். அம்மாவும் மகளும் தங்கள் பங்கை மகனுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்துக்குத் தமிழில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். உரிமையிலிருந்து விடுதலை.

"எனக்கு எதுக்கு டீச்சர் வீடு? விட்டுக்கொடுத்துட்டேன்" என்று சிரித்தார். "வாடகையை அவன் என் கையிலதான் கொடுக்கச் சொல்லியிருக்கான்."

வாடகை அம்மாவின் கைக்கு வந்தது. அட்வான்ஸ் மகனிடம் போனது. பிடித்தக் கணக்கைச் சொன்னது மகன், எழுதியது அம்மா, நீட்டியதும் அம்மா. ஆக, நாங்கள் 'ஓனர்' என்று அழைத்த பெண் அந்த வீட்டில் ஒரு செங்கல்லுக்கும் சொந்தக்காரர் அல்லர். என்னைப் போலவே அவரும் அங்கே குடியிருந்தார், அட்வான்ஸ் கொடுக்காமல். அல்லது எல்லாவற்றையும் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு.

இந்த இடத்தில் பெண்ணியம் பேசுகிற ஒருத்திக்கு எளிதாக ஒரு முடிவு கிடைக்கும். இன்னொரு பெண்ணிடம், அதுவும் தன்னைவிடக் குறைந்த அதிகாரம் உள்ள பெண்ணிடம், 26,000 ரூபாய்க்காக மல்லுக்கு நிற்கலாமா? மாதச் சம்பளம் வாங்குகிறவள் விட்டுக்கொடுத்தால் என்ன? தோழிகள் இரண்டு பேர் இதைத்தான் சொன்னார்கள். நானும் இரண்டு வாரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது.

ஆனால் தமிழ் கற்பிப்பவளுக்கு ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. விட்டுக்கொடுத்தல். விடுவதற்கு முதலில் பிடித்திருக்க வேண்டும். கொடுப்பதற்கு முதலில் கையில் இருக்க வேண்டும். என் 26,000 என் கையில் இல்லை. அது பெங்களூரில் ஒரு வங்கிக் கணக்கில் இருந்தது. நான் விட்டாலும் விடாவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். அப்படியானால் நான் விட்டுக்கொடுக்கவில்லை, இழந்துகொண்டிருந்தேன். அந்த இழப்புக்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். அந்த அம்மா பத்திரத்தில் கையெழுத்திட்ட நாளிலும் இதுதான் நடந்தது. மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் யோசித்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். மறுக்க முடியாத இடத்தில் சம்மதத்துக்கு என்ன பொருள்?

கரோல் கில்லிகன் 1982இல் எழுதிய நூலில், பெண்களின் அறச்சிந்தனை உரிமையைவிட உறவையும் பராமரிப்பையும் மையமாகக் கொண்டு வளர்கிறது என்று வாதிட்டார். அந்த நூலைப் பெண்கள் விட்டுக்கொடுப்பதற்கான நியாயமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் தன்னை அழித்துக்கொண்டு பிறரைப் பேணுவதை அவர் முதிர்ச்சியாகக் கருதவில்லை. பேண வேண்டியவர்களின் பட்டியலில் தன் பெயரையும் ஒருத்தி சேர்க்கும்போதுதான் அந்த அறம் முழுமை பெறுகிறது என்பது அவர் வாதம். என் பட்டியலில் வீட்டுக்கார அம்மா இருந்தார், அவர் மனம் நோகக் கூடாது என்ற கவலை இருந்தது. அம்மாவின் சங்கிலி இல்லை. மூன்று ஆண்டு அதற்கு வட்டி கட்டிய நான் இல்லை.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவதும் உரிமையாளர் பொறுப்பு. வாஷ்பேசின் பழுது வாடகைதாரர் பொறுப்பு. அந்த அட்டவணையை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சொம்பு விழுந்ததுவரை சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

மகனுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், அம்மாவுக்கு அல்ல. குடிவந்த தேதி, காலி செய்த தேதி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த அட்வான்ஸ் தொகை. வாஷ்பேசினுக்கு 2,800 கழித்துக்கொள்ளுங்கள், அது என் பொறுப்பு. மற்றவை தேய்மானம். எனக்கு வர வேண்டியது 1,07,200. கோபமாக ஒரு சொல்கூட இல்லை. அதை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கவிதைக்குக்கூட நான் அவ்வளவு திருத்தியதில்லை. ஒவ்வொரு முறையும் 'தயவுசெய்து', 'சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்று கை தானாக எழுதியது. ஒவ்வொரு முறையும் அடித்தேன். என் பணத்தைக் கேட்பதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

அம்மா தொலைபேசியில் அழைத்தார். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே டீச்சர்."

"கேட்டிருந்தா உங்களால கொடுக்க முடியுமாம்மா?"

வெகுநேரம் பேச்சில்லை. பிறகு, "முடியாதுதான்" என்றார். வைத்துவிட்டார். அந்த 'முடியாதுதான்' என்னைச் சுட்டது. அவர் மனத்தை நான் நோகடித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அவருக்கு எந்த உரிமையும் கூடியிருக்காது. மகனிடம் இன்னும் 26,000 கூடியிருக்கும், அவ்வளவுதான்.

ஜூலை நடுவில் 1,02,200 வந்தது. சமையலறைச் சுவருக்கான 5,000 மட்டும் வரவில்லை. மறுபடி ஒருமுறை எழுதினேன். பதில் இல்லை.

எங்கள் கல்லூரியில் படிப்பு முடித்துப் போகும் மாணவிகளுக்கு காஷன் டெபாசிட் என்று ஒரு சிறு தொகை திரும்பக் கிடைக்கும். விண்ணப்பம் எழுதி, நூலகத்திலும் விடுதியிலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆண்டுதோறும் சிலர் வாங்காமலே போகிறார்கள். கேட்டால், "பரவாயில்ல மேம்" என்கிறார்கள். முன்பு நான் சிரித்துவிட்டு விடுவேன். இப்போது விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து எழுத வைக்கிறேன். அந்தத் தொகையால் யாருக்கும் வாழ்க்கை மாறாது. ஆனால் இருபது வயதில் ஒரு ஜன்னல் முன் நின்று, "இது என் பணம், கொடுங்கள்" என்று சொன்ன வாய்க்கு, நாற்பது வயதில் ஒரு விடுதலைப் பத்திரத்தின் முன்னால் "இருங்கள், படித்துப் பார்க்கிறேன்" என்று சொல்ல வரலாம். வாங்கிய பிறகு அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள் என்கிறேன். கொடுப்பது நல்லதுதான், கையில் வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

என் கணக்கு நோட்டில் 'வர வேண்டியது' என்ற தலைப்பின் கீழ் அந்த 5,000 இன்னும் இருக்கிறது. வராமலே போகலாம். தோழி ஒருத்தி சொன்னாள், "சரி, அதையாவது விட்டுக்கொடுத்தியே." இல்லை என்றேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்கள் தரவில்லை. இரண்டும் ஒன்றல்ல.