ஓடுகிறது... ஆனால் காவல் இருக்கிறதா?

தியானப் பகுதி: நியாயாதிபதிகள் 16:20, வெளிப்படுத்தல் 3:1-3

 

மண்ணச்சநல்லூர் என்றாலே அரிசி ஆலைதான். நம் சபை சகோதரர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஆலைக் கணக்கு எழுதுகிறார். அதில் இருப்பது மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007. மாற்றிவிடுங்கள் என்று மகன் சொல்ல, இவர் என்னிடம் வந்து, "பாஸ்டர், நல்லாத்தானே ஓடுது? எதுக்கு மாத்தணும்?" என்றார். அந்தக் கேள்வியை வைத்தே ஆவியானவர் என்னோடு பேசினார்.

1. ஓடுவது வேறு, காவல் வேறு

ஆபீஸ் 2007-க்குக் கொடுத்துவந்த ஆதரவை அந்தக் கம்பெனி 2017 அக்டோபர் 10-ல் முடித்துக்கொண்டது. ஆபீஸ் 2010-க்கு 2020 அக்டோபர் 13. ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14. மறுநாள் கம்ப்யூட்டர் நின்றுபோனதா? இல்லையே! எக்ஸெல் திறந்தது, கூட்டல் சரியாக வந்தது. ஆனால் புதிதாக ஒரு ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்கப் பொறுப்பாளி இல்லை.

சிம்சோனைப் பாருங்கள். வழக்கம்போல உதறிக்கொண்டு எழுந்தான். கர்த்தர் தன்னை விட்டு விலகினதை அவன் அறியவில்லை. சர்தை சபைக்கும் உயிருள்ள சபை என்ற பேர் இருந்தது, உயிர்தான் இல்லை. பிரியமானவர்களே, ஞாயிறு ஆராதனை ஓடுகிறது, பாட்டு ஓடுகிறது, காணிக்கை ஓடுகிறது. உள்ளே காவல் இருக்கிறதா?

2. பதினேழு வருட ஓட்டை

ஆபீஸுக்குள் சமன்பாடு எழுத ஈக்குவேஷன் எடிட்டர் என்று ஒரு சின்னப் பகுதி இருந்தது. 2000-ல் செய்தது. அதில் ஒரு ஓட்டை இருந்தது 2017-ல்தான் வெளியே தெரிந்தது. கெட்டவன் அனுப்பிய ஒரு ஃபைலைத் திறந்தாலே போதும், கம்ப்யூட்டர் அவன் கைக்குப் போய்விடும். அந்த நவம்பரில் ஓட்டையை அடைத்தார்கள். அதிலேயே இன்னொரு ஓட்டை தெரிந்தது. 2018 ஜனவரியில் அந்தப் பகுதியையே பிடுங்கி எறிந்தார்கள்!

சில பாவங்களுக்கு ஒட்டுப்போட்டால் போதாது, சகோதரரே. அதை வேரோடு எடுக்க வேண்டும். ஆகான் கூடாரத்துக்குள் புதைத்தது கொஞ்சம்தான். ஆனால் ஆயியில் தோற்றது இஸ்ரவேல் முழுவதும்.

3. திருட்டுச் சாவி வேண்டாம்

"கிராக் போட்டா சும்மா கிடைக்குது" என்று வாலிபர் சொல்கிறார்கள். வாசல் வழியாக வராமல் வேறு வழியாய் ஏறி வருகிறவனைக் கர்த்தர் என்னவென்று சொன்னார்? யோவான் 10-ஐ எடுத்து வாசியுங்கள். அந்த கிராக்குக்குள்ளேயே வைரஸ் ஒளிந்து வருவதும் உண்டு. காசு இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. அது இலவசம், நேர்மையான வழி. பழைய வேர்ட், எக்ஸெல் ஃபைல்களையும் திறக்கும்.

4. களைந்துபோடு, தரித்துக்கொள்

அந்தச் சகோதரருக்கு நான் சொன்னது இதுதான்: "முதலில் கணக்கு ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்து வையுங்க. பழைய ஆபீஸை நீக்குங்க. ஆதரவு உள்ள புதியதை, செய்தவர்களின் சொந்த இடத்திலிருந்தே எடுத்துப் போடுங்க. போட்டதும் அப்டேட் செய்யுங்க, அதற்குப் பிறகு வேலையைத் தொடங்குங்க. அப்டேட்டைத் தானாக நடக்கும்படி விட்டுவிடுங்க."

எபேசியர் 4-ல் பவுலும் இந்த வரிசையில்தான் சொல்கிறார். முதலில் பழைய மனுஷன் போக வேண்டும், பிறகு புதிய மனுஷன். பழையதின்மேல் புதியதைப் போர்த்தச் சொல்லவில்லை! பத்து வருஷத்துக்கு முன் பெற்ற அபிஷேகத்தைச் சாட்சி சொல்கிறோம், ஸ்தோத்திரம். ஆனால் இன்றைக்கு? வனாந்தரத்தில் நேற்றைய மன்னா புழுத்துப்போனதே! உள்ளான மனுஷன் நாளுக்கு நாள் புதிதாக வேண்டும்.

ஆபீஸுக்குத் தேதி குறித்து முன்னமே அறிவித்தார்கள். நம் கிருபையின் நாள் எப்போது முடியும் என்று நமக்கு அறிவிப்பு வராது. ஆகையால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். இன்று இரவே குடும்பமாக முழங்கால் போடுங்கள்.

ஜெபம்: அன்பின் பரலோகத் தகப்பனே, எங்களுக்குள் மறைந்திருக்கும் ஓட்டைகளைக் காட்டும். அடைக்க வேண்டியதை அடையும், பிடுங்க வேண்டியதைப் பிடுங்கும். உம்முடைய ஆவியினால் எங்களை அனுதினமும் புதிதாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென். அல்லேலூயா!