முள்ளுக்கு யார் பொறுப்பு?

ரோஜாவை விரும்புவோர் முள்ளையும் பொறுத்தாக வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பொறுப்பவர் யார் என்று மட்டும் கேட்டுப் பார்ப்பதில்லை. பூ ஒருவர் வாசலில் மலர்ந்து, முள் மற்றொருவர் கையில் ஏறுமானால், அந்த அறிவுரை யாருக்கு உரியது? இக்கேள்வி நமக்கு நூல்களிலிருந்து வரவில்லை. புனே நகரில், நம் வீட்டு மதிலுக்கு அப்பாலிருந்து, அடுத்த வீட்டு ஆஜியின் வாய்வழியே வந்தது.

புனே ரோஜாவுக்கு இணக்கமான ஊர். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரோடு மழை ஓய்கிறது. அக்டோபரில் கவாத்துச் செய்த செடி மார்கழிக் குளிரில் குலுங்கிப் பூக்கிறது. எம்பிரஸ் தோட்டத்தில் சனவரித் திங்களில் நடைபெறும் மலர்க்காட்சிக்குக் குடும்பத்துடன் சென்றவர்கள் ஏதேனும் ஓர் ஆசையைச் சுமந்துகொண்டே வீடு திரும்புவர். நாமும் அவ்வாறு திரும்பியவர்களே. சோலாப்பூர் சாலையில் உருளி காஞ்சன் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணையில் கொடிரோஜா ஒன்றை வாங்கி மதிலோரம் நட்டோம். ஊரில் அவரைக்கும் மல்லிகைக்கும் பந்தல் போட்டுப் பழகிய கைக்கு இது புதிது. கொடி என்றால் கொடிதானே என்று எண்ணிவிட்டோம். இரண்டு மழைக்காலங்களில் அது மதிலைத் தாண்டியது. மூன்றாம் ஆண்டில், சந்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஆஜியின் பேரன், கொடிக்குள் புகுந்த பந்தை எடுக்கப் போய், முழங்கை முதல் மணிக்கட்டு வரை கீறலோடு நின்றான்.

"ஃபூல் தும்ஹாலா, காட்டே ஆம்ஹாலா?" என்றார் ஆஜி. பூ உங்களுக்கு, முள் எங்களுக்கா என்பது பொருள். சினந்து சொல்லவில்லை; பையனின் கையைக் கழுவி மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டே சொன்னார். அதனால்தான் அது நம்மைத் தைத்தது.

முள் அதன் இயல்பு, நாம் என்ன செய்வது என்பதே முதலில் நாவுக்கு வந்த விடை. அந்த இயல்பைச் சற்று உற்று நோக்கினோம். அவரை கொழுகொம்பைச் சுற்றிக்கொண்டு ஏறும். பாகல் பற்றுக்கம்பியை நீட்டி ஏறும். ரோஜாவுக்குச் சுற்றும் தண்டும் கிடையாது, பற்றுக்கம்பியும் கிடையாது. கீழ்நோக்கி வளைந்த முட்களைக் கொக்கியாக மாட்டித்தான் அது மேலே செல்கிறது. மணிப்பூர் மலைகளில் வளரும் 'ரோசா ஜைகாண்டியா' என்னும் காட்டு ரோஜா, இவ்விதமே பெருமரங்களின் உச்சி வரை ஏறிவிடும். விலங்கு மேயாமல் காப்பதும் முள்ளின் வேலைதான். ஆனால் கொடிரோஜாவுக்கு அதுவே ஏறும் கையும் ஆகும். தாவர நூலார் இன்னொன்றும் சொல்வர்: காகிதப்பூச் செடியின் முள் கிளையே திரிந்து உண்டானது, ரோஜாவின் முள்ளோ தோலின் புறவளர்ச்சி. பெருவிரலால் பக்கவாட்டில் தள்ளினால் தண்டுக்குக் காயமின்றிப் பெயர்ந்துவிடும். நம் கொல்லைத் தூதுவளையின் முள்ளும் அத்தகையதே. பாரி வள்ளல் பற்றுக்கோடின்றித் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். ரோஜாவாயிருந்தால் அவன் இரங்கும் வரை காத்திராது. தேரைக் கேளாமலே பற்றியிருக்கும்!

கட்கியின் படைத்தளவாடத் தொழிற்சாலைக்கும் ராஸ்தா பேட்டின் குடியிருப்புகளுக்கும் பிழைப்பை நாடி வந்த நம்மவரும் சில கொக்கிகளைக் கொண்டே இம்மண்ணைப் பற்றினார்கள். மொழி, கோயில், சங்கம், காப்பிக்கடை எல்லாம் அவ்வகையே. பற்றிய இடத்தில் எவருக்கேனும் கீறல் பட்டதா என்று திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமிருந்திராது. நமக்கு நேரமிருக்கிறது.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர் நகைத்தார். மதிலின் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்கிறார்களே, அதைவிடவா கொடுமை என்றார். சில்லைப் பதிப்பவன் ஏறுபவனின் கை கிழியட்டும் என்று எண்ணியே பதிக்கிறான். நாம் பூவை எண்ணி நட்டோம். இவ்வேறுபாடு பெரிது, ஆனால் அது ஒரு நாள் வரைக்குமே செல்லும். பையனின் கையைக் கண்ட பிறகும் கொடியை அப்படியே விட்டிருந்தால், அறியாமை என்னும் போர்வை நமக்கு எப்படிப் பொருந்தும்? அன்று முதல் நம் கொடியும் ஒருவகைக் கண்ணாடிச் சில்லுதான்.

முள்ளில்லாத கொடியை வைத்தால் தொல்லை தீர்ந்ததே என்று வீட்டில் பேச்செழுந்தது. அத்தகைய ரோஜாக்கள் உண்டு. பிரான்சில் 1868-இல் வெளிவந்த 'செபிரீன் துரூவான்' ஏறக்குறைய முள்ளே இல்லாதது. மணமுள்ள இளஞ்சிவப்புப் பூ. ஆனால் கரும்புள்ளி நோயும் சாம்பல் நோயும் அதை எளிதில் பற்றும். புனேயின் நான்கு மாத ஈரத்தில் அதை வளர்ப்பவர் மருந்துத் தெளிப்பானைக் கீழே வைக்க இயலாது. சீனத்துப் 'பாங்க்ஸியா' ரோஜாவும் முள்ளற்றது. ஆண்டுக்கு ஒரே பருவம் பூக்கும். வெப்ப நாடுகளுக்கென்றே கொடிரோஜாக்களை உருவாக்கியவர் நம் நாட்டில் உண்டு. ஆட்சிப் பணியை விட்டுக் கொடைக்கானலில் குடியமர்ந்த வீரராகவன், மேற்சொன்ன மணிப்பூர் ரோஜாவையும், வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும் 'கிளைனோஃபில்லா' என்னும் இந்தியக் காட்டு ரோஜாவையும் கலந்து பல வகைகளைப் படைத்தார். அவற்றுள் ஒன்று தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரைத் தாங்கியது. 2024-இல் 'சயன்ஸ்' ஏட்டில் வெளியான ஆய்வொன்று, கத்தரி முதல் ரோஜா வரை பல செடிகளின் முள்ளுக்கு ஒரே மரபணுக் குடும்பமே காரணம் என்று காட்டியது. வீட்டுக் கத்தரியின் முள் பெரிதும் மறைந்ததும் அம்மரபணு கெட்டதாலேயே. ஆகவே முள்ளை நீக்குவது இனி மனிதனால் ஆகாத செயல் அன்று. நீக்கலாமா என்றால், நமக்கு அதில் பெரிய தடை தோன்றவில்லை. கத்தரிக்காயை உண்டுகொண்டே முள்ளின் உரிமைக்கு வாதாடுவது பொருந்தாது. ஆனால் கொக்கியை இழந்த கொடியை ஒவ்வொரு முழத்திலும் நாமே கட்டித் தாங்க வேண்டும் என்பதை மறக்கலாகாது.

உண்மையில் நம்மை உறுத்தியது வேறொன்று. பையனுக்கு முன்பே அம்முள்ளை ஆண்டுதோறும் ஏற்று வந்த ஒருவர் இருந்தார். நம் தோட்டத்திற்கு வரும் மாலி. அக்டோபர் தோறும் வெறுங்கையால் கொடியை இழுத்துக் கவாத்துச் செய்து, கூலியை வாங்கிக்கொண்டு, கையைச் சட்டையில் துடைத்தபடி போவார். ரோஜா முள் குத்திய புண்வழியே 'ஸ்போரோதிரிக்ஸ்' என்னும் பூஞ்சை உள்ளே சென்று, கை நெடுகக் கட்டிகளாய் எழும்புவதுண்டு. தோட்டக்காரரின் நோய் என்றே அதற்குப் பெயர். மண்ணோடு சேர்ந்த காயத்தில் இசிவு நோயின் அச்சமும் உண்டு. மூன்று ஆண்டுகளில் ஒரு நாளேனும் அவர் கையை நாம் பார்த்ததில்லை. கூலி கொடுத்தோமே என்று சொல்லலாம். கூலி உழைப்புக்குக் கொடுத்தது. காயத்துக்கு விலை பேசியதாக நினைவில்லை.

எனவே அவ்வாண்டு கவாத்தை நாமே செய்தோம். நீண்ட தோலுறைகள் இரண்டு இணை வாங்கி, ஒன்றை மாலிக்குக் கொடுத்தோம். அவர் அருகில் நின்று வழி சொன்னார். முள்மரத்தை இளமையிலேயே வெட்டுக, முற்றினால் வெட்டுவோர் கையையே அது வருத்தும் என்று வள்ளுவர் பகையைக் குறித்துச் சொன்னது, அன்று பிற்பகலில் சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. முற்றிய தண்டுகளை அடியோடு அறுத்தோம். நிமிர்ந்து நின்றவற்றை வளைத்துக் கிடைமட்டமாகக் கட்டினோம்; அப்படிக் கிடத்தினால் நுனியின் ஆதிக்கம் தளர்ந்து, கணுதோறும் பக்கக் கிளை எழுந்து பூக்கும். கட்டுவதற்குப் பழைய வேட்டியின் கிழிசல். கம்பி தண்டை அறுத்துவிடும். உறையையும் மீறி எத்தனையோ கீறல்கள். மாலை சாய்ந்தபோது கொடியில் எஞ்சியவை நான்கே தண்டுகள். முந்திய ஆண்டுகளில் பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தன. ஒன்றையும் வெட்டாதே என்று மாலியிடம் நாமே சொல்லியிருக்கிறோம். கை நம்முடையது ஆனவுடன் ஆசையின் அளவும் குறைந்துவிட்டது. இதை எழுத நாணமாகத்தான் இருக்கிறது.

நான்கு தண்டுகளையும் மதிலிலிருந்து விலக்கி, நம் வாசல் வளைவின் மேல் கொண்டுவந்தோம். இப்போது அது கீறுவதானால் நம் தோளைத்தான் கீறும். நீதி நிலைநாட்டப்பட்டதாக எண்ணியிருந்தோம். மார்கழி பிறந்ததும் ஆஜி மதிலருகே வந்து நின்றார். காலை பூசைக்கு அப்பக்கம் தொங்கிய பூக்களைத்தான் அவர் ஆண்டுதோறும் கணபதிக்குப் பறித்து வந்தாராம். நமக்குத் தெரியாது, அவரும் சொன்னதில்லை. "சரி, முள்ளை எடுத்துக்கொண்டீர்கள். என் பிள்ளையாருக்கு நான் எங்கே போவேன்?" என்றார்.

அடுத்த அக்டோபரில் புதிதாக எழுந்த ஒரு தண்டை, பையன் கைக்கு எட்டாத உயரத்தில், மதிலின் மேல் நட்ட இரும்புக் குழாய் வழியே அப்பக்கம் செலுத்தினோம். தாழ இறங்கும் பகுதியின் முட்களைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தோம். ஆஜி முக்காலியின் மேல் நின்று, தம் பழைய லுகடைக் கிழித்துத் தாமே முடிச்சுப் போட்டார். உறையைக் கொடுத்தோம், வேண்டாமென்று விட்டார்.