பிரயாணத்தில் நாம் யார்?



வேளாங்கண்ணித் திருநாள் நெருங்குகிறது. ஆகஸ்ட் 29-ந் தேதி கொடியேறி, செப்டம்பர் 8-ந் தேதி தேவதாயின் பிறந்த நாளோடு நிறைவுபெறும் இத்திருநாளுக்கு நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் பஸ்ஸிலும் வேனிலும் கால்நடையாகவும் புறப்படும். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, எங்கே தங்குவது என்றெல்லாம் இப்போதே வீடுகளில் பேச்சு நடக்கிறது. அவை வேண்டிய பேச்சுகள்தாம். ஆனால் புறப்படுமுன் யோசிக்கவேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு. ஊரில் நல்லவன் என்று பேரெடுத்த மனிதன், பஸ் ஏறியவுடன் ஏன் வேறு மனிதனாகிவிடுகிறான்?

பிறரைச் சொல்வானேன்? என் சங்கதியையே சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள் மாலை, நாகப்பட்டினத்திலிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இடத்தில் என் துணிப்பையை வைத்தேன். வேளாங்கண்ணியில் கைக்குழந்தையோடு ஒரு தாய் ஏறி, "அண்ணே, இங்கே ஆள் வருதா?" என்று கேட்டாள். "ஆமாம், வருது" என்றேன். ஆள் யாரும் வரவில்லை. காலை நீட்டிக்கொண்டு சௌகரியமாய் வரவேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் பாவனை செய்தேன். திருப்பூண்டி போயிற்று; தூக்கம் வரவில்லை. வேட்டைக்காரனிருப்பில் அவள் இறங்கும்போது என் தோளைத் தொடாமல், மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, பை கீழே சரியுது, பார்த்துக்குங்க."

இடம் கிடைத்தது பைக்கு. அந்தப் பையின்மேலும் கவலைப்பட்டது, இடம் கிடைக்காத அவள்! அன்று மீதி வழியெல்லாம் காலை நீட்டிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் அவ்வளவு அசௌகரியமான பிரயாணத்தை நான் செய்ததில்லை.

நம் தெருவிலே ஒரு பெண் குழந்தையோடு நின்றால், திண்ணையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்போம். பூசைக்கு வந்தவர்கள் நின்றால் நகர்ந்து இடம் விடுவோம். அதே நாம் பஸ்ஸில் மட்டும் ஏன் கல்லாய்ச் சமைகிறோம்? அங்கே நம்மை அறிந்தவர் இல்லை என்பதுதான் காரணம். அப்படியானால் ஊரில் நம்மை நல்வழியில் நிறுத்துவது நம் குணமா, பார்க்கும் கண்களா? இதைச் சோதித்தறியப் பிரயாணத்தைவிட நல்ல உரைகல் கிடையாது.

"நான் டிக்கெட் வாங்கியிருக்கிறேன், என் இடத்தை ஏன் விடவேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வயோதிகரும் நோயாளியும் தம் இடத்தை விட்டுக்கொடுக்கவேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். நீதி வேறு, தயை வேறு. ஆனால் என் டிக்கெட் ஓர் ஆளுக்கு வாங்கியதேயன்றிப் பைக்கு வாங்கியதல்ல. அந்த மட்டில் நான் தயையில் மாத்திரமல்ல, நீதியிலும் தவறினேன். அதோடு பொய்யும் சொன்னேன். சிறு சௌகரியம் எத்தனை குற்றங்களைக் கூட்டி வருகிறது பாருங்கள்!

நம் ஊரின் பெயர் தேசமெங்கும் பரவியதும் ஒரு பிரயாணத்தாலேதான். 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி, தமிழ் வருஷப் பிறப்பன்று, ராஜாஜி சுமார் 100 தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகச் சித்திரை வெயிலில் சுமார் 150 மைல் நடந்து, ஏப்ரல் 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் 30-ந் தேதி உப்புச் சட்டத்தை மீறியதற்காக ராஜாஜி கைதானார். இதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சரித்திரம்.

நான் சொல்லவந்தது வழியில் நடந்ததை. தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்கள் தண்டனைக்குள்ளாவார்கள் என்று தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். பகிரங்கமாக உபசரிப்பது ஆபத்தாயிற்று. அப்போது கிராமத்து ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்று மணலில் உணவைப் புதைத்துவைத்து, இடத்தை அடையாளம் காட்டினார்கள். கட்டிய கை எதுவென்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது.

வாசகரே, இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில் நான் ஒரு தாயை நிற்கவைத்தேன். யாருக்கும் தெரியக்கூடாது என்ற நிலையிலே அவர்கள் அயலூராருக்குச் சோறு கட்டினார்கள். பார்ப்பவர் இல்லாமை எனக்குக் குற்றத்துக்கு மறைவாயிற்று; அவர்களுக்கோ தர்மத்துக்கு மறைவாயிற்று. ஆகவே கெடுதி, முகமறியாத கூட்டத்தில் இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் நாம் எதைக் கொண்டுபோகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

நல்ல எண்ணம் மாத்திரம் இருந்தால் போதுமா? போதாது. பழக்கமும் வேண்டும். பிந்திப் புறப்பட்டவனுக்குப் பொறுமை வராது. அவன் தன் அவசரத்தைக் கண்டக்டர்மேலும், முன்னால் ஏறும் கிழவிமேலும் காட்டுவான். அளவுக்குமேல் மூட்டை கட்டியவன் பிறர் கால் வைக்கும் இடத்தையும் பிடித்துக்கொள்வான். பசித்தவன் குழந்தைகளை அதட்டுவான். இராத் தூங்காதவன் சண்டைக்கு நிற்பான். அதனால் அரை மணி முன்னதாகப் புறப்படுவதும், ஒரு பையோடு நிறுத்திக்கொள்வதும், புளிச்சோற்றை ஒரு கவளம் அதிகமாய்க் கட்டிக்கொள்வதும் வெறும் சௌகரியத்துக்கான யுக்திகள் அல்ல. பிறர்மேல் எரிந்து விழாதிருக்க நாம் முன்கூட்டியே செய்துகொள்ளும் ஏற்பாடுகள். வீட்டில் நேற்றிரவே செய்த ஏற்பாடு, நாளைப் பாதையில் தயையாகப் பலன் கொடுக்கும்.

கால்நடையாகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியிலே நீர்மோரும் தண்ணீரும் கொடுக்கிற வீட்டாரில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. குடித்த குவளையை அவர்கள் வாசலிலேயே எறிந்துவிட்டு நடந்தால், நாளைக் காலை அதைப் பெருக்குவது யார்? நமக்கு மோர் ஊற்றிய அதே கைதான். ஆகையால் வெறும் பை ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். கொண்டுவந்த குப்பையோடு, கண்ணில் பட்ட பிறர் குப்பையும் அதில் கொள்ளும். கதவைத் திறக்காத வீட்டைக் கண்டால் அவசரப்பட்டுத் தீர்ப்பிடாதீர்கள். உள்ளே நோயாளி இருக்கலாம், துக்கம் இருக்கலாம். 1930-ல் மூடியிருந்த கதவுகளுக்குப் பின்னால்தான் பொட்டலங்கள் கட்டப்பட்டன.

இப்படியெல்லாம் கவனித்துப் போனால் பிரயாணத்தில் சந்தோஷம் ஏது என்கிறீர்களா? செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பக்கத்து இடத்தைப் பையிடமிருந்து விடுவித்தால், அங்கே ஒரு மனிதர் வந்து உட்காருவார். அவர் ஊர் எது, இந்த வருஷம் அங்கே சாகுபடி எப்படி, பிள்ளைகள் எத்தனை என்று பேசிக்கொண்டே வந்தால் இரண்டு மணி நேரம் அரை மணியாய்க் கழியும். தனியே காலை நீட்டிக்கொண்டு வந்த எனக்குக் கிடைக்காத சுகம் அது.

அந்தத் தாயை நான் பிறகு பார்க்கவில்லை. பார்த்தாலும் அடையாளம் தெரியாது. மன்னிப்புக் கேட்க வழியில்லை. ஆகையால் பஸ்ஸில் நிற்கிற ஒவ்வொரு தாயிடமும் அந்தக் கடனைத் தீர்த்துவருகிறேன். இப்போதெல்லாம் ஏறி உட்கார்ந்தவுடன் என் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். இந்தத் திருநாளுக்குப் போகும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள். சுகமாய்ப் போய், சமாதானமாய்த் திரும்பி வாருங்கள்.