காற்று யாருக்குச் சொந்தம்?



ஐம்பூதத் தலங்களுள் திருக்காளத்தி வாயுவுக்குரியது என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஐரோப்பாவிலும் காற்றுக்கு ஒரு கோயில் எழுந்தது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பிரான்சின் தென்பகுதியில் வீசும் ஒரு கடுங்காற்றை ரோமர்கள் சிர்சியஸ் என்று அழைத்தனர். அது கட்டடங்களையே ஆட்டினாலும், தங்கள் நாடு நோயின்றி இருப்பது அதனால்தான் என்று மக்கள் அதற்கு நன்றி சொன்னார்கள். அகஸ்டஸ் பேரரசர் அங்கு தங்கியிருந்தபோது அதற்கு ஒரு கோயில் கட்டினார். இதனை எழுதிவைத்தவர் ரோமத் தத்துவ ஞானி செனகா.

அந்தக் காற்று இன்றும் 'சேர்ஸ்' என்ற பெயரில் வீசுகிறது. அது வீசும் சமவெளியில், நார்பொன், கார்க்கசோன் நகரங்களுக்கு நடுவே, லெசின்யான்-கோர்பியேர் என்னும் சிறு நகரம் இருக்கிறது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். வைன் தயாரிப்பே அப்பகுதியின் பழந்தொழில்.

குளிர்காலத்தில் திராட்சைக் கொடிகளைக் கத்தரிப்பார்கள். வெட்டிய குச்சிகளைத் தோட்டத்திலேயே எரிப்பது தலைமுறை வழக்கம். வீடுகளிலும் விறகு எரியும். பிரான்ஸ் நாட்டில் வெளியாகும் நுண்துகள்களில் மிகப் பெரிய பங்கு வீட்டு விறகு அடுப்புகளிலிருந்தே வருகிறது. ஆகவே விவசாயியை மட்டும் குறை சொல்ல முடியாது.

சேர்ஸ் வீசும் நாளில் புகை கலைந்துவிடும். காற்று அசையாத குளிர்காலைகளில், நிலத்தை ஒட்டிய குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்று மூடி போல நிற்கும். புகை மேலே போக வழியின்றி ஊருக்குள்ளேயே தங்கிவிடும். விவசாயிக்கு இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. காற்று வீசும்போது எரித்தால் தீ பரவும். வீசாதபோது எரித்தால் புகை தங்கும்.

"என் ஒரு கட்டுக் குச்சியால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று அவர் கேட்கலாம். அதில் பொய்யில்லை. அந்த ஒரு புகையால் மட்டும் யாரும் நோயில் விழுவதில்லை. ஆனால் அதே கேள்வியை ஆயிரம் பேர் கேட்டுவிட்டு ஆயிரம் நெருப்பு மூட்டினால், ஆஸ்துமாக்காரக் குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது. அந்தக் குற்றம் யாருடையது? ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கிட்டுவிட்டால் அது இல்லாமல் போய்விடுமா?

எல்லாப் புகையும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2022 மார்ச்சில் சகாராப் பாலைவனத் தூசி வந்து பிரான்சின் தென்பகுதி வானத்தைச் செம்மஞ்சளாக்கியது. அதற்கு எவர்மீதும் பழியில்லை. 2021 ஏப்ரலில் கடும் உறைபனி விழுந்த இரவுகளில், துளிர்களைக் காப்பாற்றப் பிரெஞ்சு விவசாயிகள் தோட்டமெங்கும் பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றினர், வைக்கோலையும் எரித்தனர். ஒரு வருடப் பிழைப்புக்காக எழுந்த அந்தப் புகையைப் பொறுத்துக்கொள்வது அயலாரின் கடமை என்பேன்.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, லெசின்யானுக்குத் தெற்கே கோர்பியேர் மலைப்பகுதியில் மூண்ட காட்டுத்தீ சுமார் 16,000 ஹெக்டேயர் பரப்பில் பரவியது. ஓர் உயிரும் போயிற்று. பராமரிக்கப்பட்ட திராட்சைத் தோட்டங்கள் தீயைத் தடுக்க உதவும் என்பதும், வைன் தொழில் நலிந்து கொடிகள் பிடுங்கப்பட்ட நிலங்களில் அந்தத் தடை இல்லாமல் போனது என்பதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டன. குளிர்காலத்தில் புகையைத் தரும் அதே தோட்டம் கோடைப் புகையிலிருந்து ஊரைக் காக்கவும் செய்கிறது.

அப்படியானால் எந்தப் புகை குற்றம்? வேறு வழி இருந்தும், சௌகரியத்துக்காக நாம் எழுப்பும் புகையே குற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. வெட்டிய குச்சிகளை இயந்திரத்தால் நொறுக்கி மண்ணுக்கே உரமாகத் திருப்பிக் கொடுக்கலாம். இன்று பலர் அப்படிச் செய்கிறார்கள். அதற்குச் செலவுண்டு. அச்செலவை விவசாயி தலையில் மட்டும் கட்டிவிட்டு, நல்ல காற்றை நாம் இலவசமாகச் சுவாசிப்பதும் தர்மமாகாது.

நம் ஆலய மண்டபத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். குளிருக்குப் பயந்து ஜன்னல்களை மூடிவிட்டு ஹோமம் வளர்க்கிறோம். ஹோமம் நமக்கு வேண்டியதே. அதை விடச் சொல்லவில்லை. ஆனால் நன்கு காய்ந்த சமித்தை இடுவதும், ஜன்னலைத் திறந்துவைப்பதும், கற்பூரத்தை அளவோடு ஏற்றுவதும் நம்மால் முடிந்தவை. பின்வரிசையில் இருமிக்கொண்டே இருக்கும் பாட்டி புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சாமி காரியத்தைக் குறை சொன்னதாகிவிடும் என்று பயப்படுவார். அவருக்காக நாம்தான் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்க வேண்டும்.