காற்றடங்கும் வரை



மார்கழி 10ஆம் நாள் லொறெற்றோ மாதாவின் திருநாள். நாசரேத்தூர்த் திருவீட்டை வானதூதர் ஆகாய வழியாக இத்தாலியின் லொறெற்றோவுக்குக் கொணர்ந்தனர் என்பது பழைய பக்தி மரபு. அதை முன்னிட்டே பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1920ஆம் ஆண்டில் இவ்வன்னையை விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். 1947ஆம் ஆண்டு அதே மார்கழி 10ஆம் நாளில்தான் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது.

இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு பிள்ளையையேனும் கடல்கடந்து அனுப்பாத வீடு அரிது. கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டுக் கட்டுநாயக்காவுக்குப் புறப்படுகிறோம். நல்ல வழக்கம். ஆனால் நாம் கேட்பது என்ன? நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றா, பத்திரமாய்ப் போய்ச் சேர வேண்டும் என்றா? இரண்டும் எப்போதும் ஒன்றல்ல.

அத்திலாந்திக் பெருங்கடலின் நடுவே, நெப்போலியன் சிறையிருந்து மாண்ட சென் ஹெலினாத் தீவுக்கு நெடுங்காலம் கப்பல் ஒன்றே வழி. அங்கே பெரும் பொருட்செலவில் விமான நிலையம் கட்டினார்கள். 2016ஆம் ஆண்டு சோதனை விமானம் இறங்க வந்தபோது, ஓடுபாதையருகே காற்று திடீரெனத் திசையும் வேகமும் மாறுவது தெரிந்தது. திறப்பு தள்ளிப்போயிற்று, உலகம் நகைத்தது. அவர்களோ பொறுத்திருந்து, 2017 ஐப்பசி 14ஆம் நாள் சிறிய விமானத்தைக் கொண்டு சேவையைத் தொடங்கினார்கள். நகைப்பைத் தாங்கியதால் உயிர்கள் ஆபத்துக்குள்ளாகவில்லை.

புனித சின்னப்பரின் கப்பலில் இந்தப் பொறுமை இருக்கவில்லை. பருவம் பிந்திவிட்டது, பயணம் ஆபத்து என்று கிரேத்துத் தீவில் அவர் எச்சரித்தார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பல் உடையவனையும் நம்பினான். புயல் பதினான்கு நாள் அலைக்கழித்தது. சரக்கும் போயிற்று, கப்பலும் போயிற்று. 276 உயிர்களை மட்டும் ஆண்டவர் மால்ட்டாத் தீவில் கரைசேர்த்தார். அங்கே மூன்று மாதம் தங்கிய பின்னரே அப்போஸ்தலரின் பயணம் தொடர்ந்தது. உரோமையில் சாட்சி பகர்வார் என்ற தேவ வாக்குறுதி அவருக்கு இருந்தது. ஆயினும் காற்றுக்குக் காத்திருந்தார். கோயில் முகட்டிலிருந்து குதிக்க மறுத்த ஆண்டவரின் சீடரல்லவா அவர்! விசுவாசம் வேறு, கடவுளைச் சோதிப்பது வேறு.

ஆகவே, காலநிலை சரியில்லை என்று விமானம் தாமதித்தால், முகப்பில் நிற்கும் ஊழியர்மீது பாயாதீர்கள். இறங்காமல் திரும்பிப் போன விமானி தோற்றவரல்லர். நம் பிள்ளையைக் காத்தவர்.

இதிலும் பாரமான ஒன்று உண்டு. தாயின் அடக்கத்தை ஒரு நாள் பிந்தப்போட்டும் மகன் வந்து சேரவில்லை. புயலில் விமானம் நின்றுவிட்டது. "பெற்றவளின் முகம் பார்க்கக்கூட வரவில்லையே" என்று உறவினர் சொல்லும் ஒரு சொல், அந்தப் பிள்ளையின் நெஞ்சில் ஆயுள்வரை முள்ளாய்க் கிடக்கும். அதைச் சொல்லாதீர்கள். பிந்தி வந்தவனைச் சேமக்காலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவனோடு சேர்ந்து ஒரு திருப்பலி ஒப்புக்கொடுங்கள். புனிதர்களின் சமுகவுறவை விசுவசிக்கும் நமக்கு, பிந்திய மன்றாட்டு என்று ஒன்றில்லை.

திருநாளன்று இரவுச் செபமாலையில் ஒரு பத்து மணியை, பறப்போருக்காகவும், "இன்று வேண்டாம்" என்று சொல்லும் துணிவு வேண்டியவர்களுக்காகவும் ஒப்புக்கொடுப்போம்.

லொறெற்றோ மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.