கதைமாந்தர் யாருக்குச் சொந்தம்?

உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் நின்று நூல்களைப் புரட்டுவது கோவை வாசகர் பலருக்கு நெடுநாள் பழக்கம். 2024ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேம்பாலம் அங்கே எழும்புவதற்கு முந்திய நாள்களில், பெரிய கடை வீதியில் உள்ள தூய மிக்கேல் பேராலயத்தில் ஞாயிறு திருப்பலி கண்டபின் அவ்வழியே காலாற நடந்து, கையில் இருக்கும் சில்லறைக்கு ஏற்றபடி ஏதேனும் ஒரு நூலை வாங்கி வருவோம். அப்படி ஒருமுறை நம் கைக்கு வந்தது, வார இதழ் ஒன்றிலிருந்து வாரந்தோறும் கிழித்தெடுத்துச் சேர்த்துத் தைத்த தொடர்கதைத் தொகுப்பு ஒன்று. இறுதிப் பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒருவர் பென்சிலால் எழுதியிருந்தார்: "இவளை ஏன் கொன்றீர்? இனி உமது கதையைத் தொடமாட்டேன்." அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், மையினால் மற்றொரு வரி: "மறுபடியும் படித்தேன்."

அந்த இரு வரிகளும் நம்மை நெடுநாள் விட்டபாடில்லை. பிறந்திராத ஒருத்தியின் இறப்பிற்காக ஒரு மனிதர் அழுதிருக்கிறார்; அவளைப் படைத்தவர்மீது சினமும் கொண்டிருக்கிறார். இந்த அழுகை தகுமா? இந்தச் சினம் நீதியானதா? கதை எழுதியவருக்கும் கதையை நேசித்தவருக்கும் இடையே உள்ள கடமைதான் என்ன? பொழுதுபோக்குப் பற்றிய சிறு வினாவாக இது தோன்றலாம். ஆனால் அன்பு எந்த இடத்தில் உடைமை வெறியாகத் திரிகிறது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியுள்ளது.

அழுகையை முதலில் எடுத்துக்கொள்வோம். இதைக் கண்டித்தவர் சாமானியர் அல்லர். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலில், பள்ளிப் பருவத்தில் இலத்தீன் காவியம் ஒன்றைப் படித்து, காதலுக்காக உயிர்விட்ட தீதோ அரசிக்காகக் கண்ணீர் சிந்தியதை நினைந்து தம்மையே கடிந்துகொள்கிறார். இறைவனை விட்டு அகன்று தம் ஆன்மா மாண்டுகொண்டிருந்தபோது அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடாத தாம், கதைப் பெண்ணுக்காக அழுதது எத்தகைய மடமை என்பது அவரது வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. அடுத்த வீட்டு விதவையின் அடுப்பு எரியாததைக் கண்டும் காணாதவர்கள், திரையில் ஒரு தாய் விம்மினால் கைக்குட்டை நனைய அழுவதை நாம் அறிவோம்.

எனினும் திருநூல் மற்றொரு காட்சியையும் நமக்குக் காட்டுகிறது. உரியாவைக் கொல்வித்து அவன் மனைவியைத் தன்னவளாக்கிக் கொண்ட தாவீதிடம் இறைவாக்கினர் நாத்தான் வருகிறார். அவர் குற்றச்சாட்டுப் பட்டியலை நீட்டவில்லை. ஒரு கதை சொல்கிறார். ஏழை ஒருவன் மகளைப்போல் வளர்த்த ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வன் ஒருவன் பிடித்து விருந்தாக்கிய கதை. அந்த ஏழையும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை. ஆயினும் அரசன் சினந்து எழுகிறான். அந்தச் சினத்தையே பிடித்துத் திருப்பி, அந்தக் கொடியவன் அரசனே என்று நாத்தான் அவனுக்கு உணர்த்துகிறார். கதைக்காக எழுந்த உணர்வு வீண் போகவில்லை, மனமாற்றத்தின் வாயிலாயிற்று. ஆகவே வினா, கதைக்காக அழலாமா என்பதன்று. எழுந்த உணர்வு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே வினா. தன் நெஞ்சை நோக்கித் திரும்பினால் அது அருள்; கதை சொன்னவரின் கழுத்தை நோக்கித் திரும்பினால் அது பாவம்.

இப்படித் திரும்பியதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. 1977இல் திரைக்கு வந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் விண்வெளிக் கற்பனைக் கதையை ஒட்டி, அதே மாந்தரைக் கொண்டு நூற்றுக்கணக்கான நாவல்கள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுள்ளன. 1999இல் ஆர். ஏ. சால்வட்டோரே எழுதிய 'வெக்டர் பிரைம்' என்னும் நாவலில், படம் பார்த்த சிறுவர் அனைவரும் நேசித்த சூபாக்கா என்னும் மாந்தர், தன் நண்பனின் மகனைக் காப்பாற்றிவிட்டுத் தான் மாண்டுபோகிறார். பதிப்பகத்தாரும் உரிமையாளரும் கலந்து எடுத்த முடிவு அது. ஆனால் வாசகரின் சினம் முழுவதும் எழுத்தாளர்மீது பாய்ந்தது. கொலை மிரட்டல்களும் அவரைத் தேடி வந்தன. பிறர்க்காகத் தன்னுயிர் ஈந்த ஒரு கற்பனை மாந்தர்மேல் கொண்ட அன்பின் பெயரால், உயிருள்ள ஒரு மனிதரைக் கொல்வோம் என்றார்கள்! அந்த மாந்தர் உண்மையிலேயே அவர்கள் உள்ளத்தில் வாழ்ந்திருந்தால் அவரது தியாகம் அவர்களுக்கு எதைக் கற்பித்திருக்க வேண்டும்?

2014இல் மற்றொரு புயல். நிறுவனம் கைமாறியபின், அதுவரை வெளிவந்த நாவல்கள் யாவும் இனி அதிகாரபூர்வ வரலாற்றில் சேரா. அவை 'பழங்கதைகள்' என்னும் தலைப்பில் மட்டும் விற்கப்படும் என்று அறிவித்தார்கள். கால் நூற்றாண்டாக அவற்றோடு வளர்ந்தவர்கள், தம் இளமையையே யாரோ பொய்யென்று முத்திரை குத்திவிட்டதாகத் துடித்தார்கள். அடுத்த ஆண்டு, புதிய வரிசையில் இளையோருக்கென கிளாடியா கிரே எழுதிய 'லாஸ்ட் ஸ்டார்ஸ்' வெளிவந்தது. ஒரே மலைநாட்டில் வளர்ந்த இரு இளையோர் கொடுங்கோல் பேரரசின் படையில் சேர்கிறார்கள்; அநீதி கண்டு ஒருவன் விலகுகிறான்; கொடுத்த வாக்கை மீறலாகாது என்று மற்றவள் தங்குகிறாள். இறுதியில் அவள் சிறைப்பட, அவன் அவளை எதிர்நோக்கியிருக்க, முடிவு சொல்லாமலே கதை நின்றுவிடுகிறது. இளையோர் அந்நூலை உவந்து ஏற்றனர். அடுத்து என்ன ஆயிற்று என்று கேட்டுத் தவித்தனர். தவறான பக்கத்தில் நின்ற ஒருத்திக்காகவும் இரங்கக் கற்றுக்கொண்ட அந்தத் தவிப்பை நாம் குறை கூறமாட்டோம்.

இது அயல்நாட்டார் பித்து என்று நகைப்பதற்கில்லை. நம் தமிழ் வாசகரும் இதற்கு விலக்கல்லர். 1950இல் தொடங்கிய கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுக்கு மேல் வாரந்தோறும் வந்து 1954இல் நிறைவுற்றபோது, கதை திடீரென முடிந்துவிட்டது என்னும் மனக்குறை வாசகரிடையே எழுந்தது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? வந்தியத்தேவனும் குந்தவையும் பின்னர் என்ன ஆனார்கள்? கல்கி அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, வாசகரின் ஐயங்களை மதித்து விடை கூறினார். விடை கூற இயலாதவற்றை அவரவர் கற்பனைக்கே விட்டார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். பின்னர் விக்கிரமன் அக்கதையின் தொடர்ச்சியாக 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். இங்கே வாசகரின் தாகம் சினமாகாமல் படைப்பாயிற்று. எழுத்தாளரும் வாசகரும் ஒருவரை ஒருவர் மதித்தால் என்ன விளையும் என்பதற்கு இது போதும்.

கொங்கு மண்ணிலோ இதனினும் ஆழமான பாடம் ஒன்று உண்டு. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மார் கதை உடுக்கை ஒலியோடு இரவு இரவாகப் பாடப்படுவது. 1960களில் பிரெண்டா பெக் என்னும் ஆய்வாளர் அதை முழுமையாக ஒலிப்பதிவு செய்து பின்னர் நூலாக்கினார். அண்ணன்மார் மடியும் படுகளக் கட்டம் வரும்போது, கேட்போருள் சிலர் அருள்வந்து உயிரற்றவர்போல் வீழ்வார்கள். அவர்களைக் கிடத்தி, நீர் தெளித்து எழுப்புவார்கள். கதையிலும் தங்கை தங்காள் மாண்ட அண்ணன்மாரைச் சற்றுநேரம் எழுப்புகிறாள். தங்கள் காலம் முடிந்தது என்று அவர்கள் மீண்டும் கண்மூடுகிறார்கள். அந்த வழிபாட்டின் நம்பிக்கை நம்முடையதன்று. ஆயினும் அதிலுள்ள மனித ஞானத்தை நாம் வணங்கலாம். 'எங்கள் வீரர் ஏன் மாண்டார்?' என்று யாரும் பாடகரின் உடுக்கையை உடைப்பதில்லை. ஊரே கூடி அழுகிறது. அழுகைக்கு ஓர் இடமும் ஒரு முடிவும் தரப்படுகிறது. விடிந்ததும் அவரவர் தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள். தனித்து அழுபவன் சினத்தில் விழுகிறான். கூடி அழுபவர் ஆறுதல் பெறுகிறார்கள்.

அதிகாரபூர்வ வரிசை என்பதைக் குறிக்க அந்த ரசிகர்கள் வழங்கும் 'கேனன்' என்னும் சொல் நம் திருச்சபையிலிருந்து சென்றது என்பதை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கிரேக்கத்தில் அளவுகோல் என்று பொருள்படும் அச்சொல்லால்தான் விவிலியத் திருமுறை குறிக்கப்படுகிறது. திருமுறையை வரையறுத்த திருச்சபை, அதற்கு வெளியே நின்ற மக்களின் அன்பை என்ன செய்தது? அன்னை மரியாவின் பெற்றோர் பெயர் எந்த நற்செய்தியிலும் இல்லை. யாக்கோபின் பெயரால் இரண்டாம் நூற்றாண்டில் வழங்கிய ஒரு நூலில்தான் சுவக்கின், அன்னா என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. அந்நூலைத் திருச்சபை திருமுறையில் சேர்க்கவில்லை. ஆயினும் சூலை 26ஆம் நாள் அவ்விருவரின் விழாவை நாம் கொண்டாடுகிறோம். மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய முழுப் படிகளில், கல்லறையைக் கண்ட பெண்கள் அஞ்சி ஓடுவதோடு நூல் நின்றுவிடுகிறது. அந்த மௌனத்தைத் தாங்காத தொடக்க காலச் சமூகம் ஒரு முடிவைச் சேர்த்தது; அதைத் திருச்சபை இறைவாக்காகவே ஏற்றுக்கொண்டது. அளவுகோல் தேவைதான், ஆனால் அது அன்பை அடிக்கும் கோல் அன்று.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். நற்செய்தி நம் மீட்பின் உண்மை. நாவல் மனிதரின் கற்பனை. உயிர்த்த ஆண்டவரை நாம் எழுதவில்லை, அவரே நம்மை எழுதுகிறார். இந்த வேறுபாட்டை மறப்பதிலேதான் தீங்கு தொடங்குகிறது. இறைவனுக்கு உரிய முழு நெஞ்சத்தை ஒரு கற்பனை உலகுக்குக் கொடுத்தவனுக்கு, அவ்வுலகில் ஒரு கல் பெயர்ந்தாலும் விண்ணகமே இடிந்ததாகத் தோன்றும். ஏற்ற அளவில் நேசிப்பவனோ நன்றியோடு வருந்துவான். திருத்தந்தை பிரான்சிஸ் 2024ஆம் ஆண்டு இலக்கியத்தின் இடம் பற்றி எழுதிய மடலில், நூல் வாசிப்பு பிறர் குரலுக்குச் செவிசாய்க்க நம்மைப் பழக்குகிறது என்னும் கருத்தை வலியுறுத்தினார். செவிசாய்ப்பவன் தான் விரும்பிய சொல்லை மட்டுமே பேசு என்று எதிரிலிருப்பவரை மிரட்டுவானா?

இதை நாம் உயர்ந்த பீடத்திலிருந்து பேசவில்லை. கல்லூரி நாள்களில், நாம் விரும்பிப் படித்த தொடரில் ஒரு பெண் மாண்டபோது, அதன் ஆசிரியருக்கு அஞ்சலட்டை ஒன்று எழுதினோம். 'உமக்கு மக்கள் இல்லையா? உமது பேனா முறியட்டும்' என்பதுபோல் ஏதேதோ எழுதியதாக நினைவு. நண்பர்களிடம் பெருமையாகப் படித்தும் காட்டினோம். இரு வாரம் கழித்து மறுமொழி வந்தது. "அவள் இறந்தது எனக்கும் வருத்தமே. எழுதிய அன்று இரவு நான் உண்ணவில்லை. தாங்கள் நலமாக இருக்க வேண்டும்." அவ்வளவுதான். நம் எழுத்து முழுதும் சாபம், அவருடையதில் வாழ்த்து. நாம் அவளை நேசித்ததாக எண்ணியிருந்தோம். உண்மையில் நேசித்தவர் அவர்தாம் என்பது அன்று விளங்கிற்று. அவளுக்காகப் பட்டினி கிடந்தவர் அவர். நாமோ அவளுக்காக ஒருவரைப் புண்படுத்தினோம். மன்னிப்புக் கேட்டு எழுத நினைத்து, வெட்கத்தால் நாள் கடத்தி, எழுதாமலே விட்டோம். அந்தக் கடன் இன்றும் நிற்கிறது.

இன்று நம் பிள்ளைகளுக்கு அஞ்சலட்டையும் காத்திருப்பும் தேவையில்லை. சினம் பிறந்த நொடியிலேயே அது கடல் கடந்து ஓர் எழுத்தாளரின் கைபேசியை அடைந்துவிடுகிறது. அதை எழுதியவர் முகத்தை அவர் அறியார், அவர் முகத்தை எழுதியவரும் அறியார். ஆகவே பெற்றோரும் மறைக்கல்வி ஆசிரியரும், பிள்ளைகள் கையிலுள்ள விண்வெளிக் கதையைப் பார்த்து முகம் சுளிப்பதைவிட, அதைப் பற்றி உசாவுவது நலம். யாருக்காக அழுதாய்? யார்மேல் சினந்தாய்? அந்தச் சினம் உனக்குள்ளே எதைக் காட்டிற்று? இம்மூன்று வினாக்களைக் கேட்டால் நாத்தானின் பணியில் ஒரு சிறு பங்கை நாமும் செய்தவர் ஆவோம்.

நம் ஆண்டவரும் ஒரு கதையை முடிக்காமல் விட்டார். ஊதாரி மகன் வீடு திரும்பினான், விருந்து நடக்கிறது, மூத்தவன் சினந்து வெளியே நிற்கிறான், தந்தை வெளியே வந்து அவனை வேண்டுகிறார். அவன் உள்ளே சென்றானா? இயேசு சொல்லவில்லை. கதை தான் விரும்பியபடி முடியவில்லை என்று சினந்து நின்ற முதல் ரசிகன் அந்த மூத்த மகனே எனலாம். தம்பியின் கதை தண்டனையில் முடிய வேண்டும் என்பது அவன் விருப்பம். தந்தை அதை விருந்தில் முடித்தார். அந்த வாசற்படியில் நாமும் பலமுறை நின்றிருக்கிறோம். பென்சிலால் சினத்தை எழுதிவிட்டு, பின்னொரு நாள் மையெடுத்து 'மறுபடியும் படித்தேன்' என்று எழுதிய அந்தப் பெயரறியா வாசகர், ஏதோ ஒரு மாலையில் அப்படியைக் கடந்து உள்ளே சென்றிருக்கிறார் என்றே நாம் நம்புகிறோம்.